கார்பெட்டில் ஆடும் வண்டி

ஜூன் 8, ஞாயிறு

வண்டியில் எதை மாற்றினாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று இர்பான் சொன்னதால் இந்த டைரி. ஸ்பிரிங், ஆயில், டயர், இவ்வளவு எழுதினால் போதுமாம். நான் எழுத உட்கார்ந்தால் அதோடு நிற்குமா?

இன்று எங்கள் மானம் கார்பெட்டில் உருண்டது. ஒரு தடவை இல்லை, வளைவுக்கு ஒரு தடவை.

கோவில்பாளையத்தில் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த மண் டிராக்கை வீட்டுமனை போட்டு விற்றுவிட்டார்கள். எங்கள் கிளப்பை நடத்துகிற, வண்டிச் சாமான் கடையும் வைத்திருக்கிற இர்பான் சிங்காநல்லூரில் ஒரு பழைய பஞ்சு குடோனைப் பிடித்து, உள்ளே முழுக்கக் கார்பெட் விரித்து, மேடும் வளைவும் பலகையில் கட்டி, "வாங்க்கா, வெயிலில்ல, புழுதியில்ல, மகராணியாட்ட உக்காந்து பாக்கலாம்" என்று கூப்பிட்டான். போனோம்.

எங்கள் பக்கி ரிமோட்டில் ஓடும் பந்தய வண்டி. முழங்கை நீளம், பருத்த டயர், பின்னால் ஒரு இறக்கை. யாராவது பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். அவர் என்றால் என் வீட்டுக்காரர் திருமலைசாமி. மின்வாரிய அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறார், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். மகள் கல்யாணமாகிப் போன வருஷம் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டதென்று இந்த வண்டியை வாங்கி வந்தார். ஓட்டுவது அவர். ஸ்பேனர் பிடிப்பது நான். ஆவாரம்பாளையத்தில் வீட்டோடு சேர்த்து மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்ப் மோட்டாரோடு பழகினவளுக்கு இது பெரிய சங்கதி இல்லை என்றுதான் இன்றைக்கு வரை நினைத்திருந்தேன்.

மண்ணில் வளைவு வந்தால் வண்டி வழுக்கிக்கொண்டே திரும்பும். கார்பெட்டில் டயர் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. கால் தடுக்கினவன் மாதிரி வண்டி தலைகுப்புற விழுகிறது. பேக்கரி பெனடிக்ட் எங்கள் கூட ஓட்டுகிறவர். ஒவ்வொரு முறை உருளும்போதும் "சார், தோசையெத் திருப்பிப் போட்டுட்டீங்க" என்றார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை கடைசி ஞாயிறு இதே குடோனில் நாலு ஊர்ப் பந்தயம். கோவை அணிக்கு மூன்று பேர். இரண்டு இடம் கல்லூரிப் பையன்களுக்கு, அதில் பேச்சே இல்லை. மூன்றாவது இடம், இருபதாம் தேதி ஓட்டத்தில் முந்துகிறவருக்கு. அதற்கு இரண்டே பேர்தான்: அவர், பெனடிக்ட். அவர் வாய்விட்டு ஆசை சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அணிக்கு டீ-சர்ட் அடிக்கப் போகிறோம் என்று இர்பான் சொன்னதும், யாரும் கேட்காமலே "எனக்கு எக்ஸ்எல்" என்றார். நான் காதில் விழாதது போல இருந்தேன்.

அந்த டீ-சர்ட்டை அவர் போட்டாக வேண்டும்.


ஜூன் 11, புதன்

நாலு ஸ்பிரிங்கையும் இளக்கமானதாக மாற்றினேன். ஷாக் அப்சார்பரில் தண்ணியான ஆயில். மண்ணில் வண்டி அடங்காவிட்டால் இதுதான் வைத்தியம்.

காலையில் காப்பி போடுவது அவர்தான், கல்யாணமான நாளிலிருந்து. டம்ளரைக் கடைக்கே கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். கொஞ்ச நாளாகச் சமையலறைக்குக் கூப்பிடுகிறார். "ஆறிப்போயிருது அம்முணி, நீயே வந்து எடுத்துக்க" என்கிறார். அடுப்புக்கும் கடைக்கும் நடுவில் ஒரு வாசல்படிதான். வயசானால் ஆம்பளைகளுக்குச் சோம்பல் ஏறிவிடுகிறது.


ஜூன் 15, ஞாயிறு

போன வாரத்தைவிட மோசம். இன்றைக்கு நேர்ப்பாதையில்கூட ஒரு தடவை உருண்டது.

இர்பான் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

"சொல்றா, பரவால்ல" என்றேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மண்ணுல பிடிப்பைத் தேடித் தேடி ஓட்டுனோம். இங்கெ பிடிப்பு கொட்டிக் கெடக்குது. அதெக் கொறைக்கோணும். நீங்க இன்னும் கொஞ்சம் ஊத்தி வெச்சிருக்கறீங்க."

எல்லாம் தலைகீழாம். ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். ஆயில் கெட்டியாக இருக்க வேண்டும். வண்டி தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் ஃபெவிகுவிக் தடவிக் காயவிட்டால், ரப்பர் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஆகி, கவ்வாமல் வழுக்குமாம். இருக்கிற நல்ல டயரை நாமே கெடுப்பதா என்று கேட்டேன். "ஆமாங்க்கா, கெடுக்கறதுதான் செட்டிங்" என்றான்.

திரும்பி வரும்போது அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "நீயே ஓட்டு, எனக்குக் கண்ணு கூசுது" என்றார். வானம் மூடிக் கிடந்தது.


ஜூன் 16, திங்கள்

டயருக்குப் பசை தடவும் திருவிழா. டயருக்குத் தடவியதைவிட எனக்குத் தடவிக்கொண்டது அதிகம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு, சின்முத்திரை பிடித்துக்கொண்டு நின்றேன். மோட்டார் எடுக்க வந்த கிணத்துக்கடவுக்காரர் சாமி வந்திருக்கிறதோ என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

அப்புறம் வெந்நீர் வைத்து என் விரலை ஊறப்போட்டுப் பிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் கை குலுங்கிக்கொண்டிருந்தது. "போதுமுங்க, சிரிச்சது" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

விறைப்பு ஸ்பிரிங் போட்டாயிற்று. கெட்டி ஆயில். வண்டியின் வயிறு தரையிலிருந்து ஒரு பென்சில் தடிமன் உயரத்தில்.


ஜூன் 22, ஞாயிறு

உருளவில்லை! காலை முழுக்க ஒரு தடவைகூட உருளவில்லை. வளைவுகளில் தண்டவாளத்தில் போவது போலப் போனது. பெனடிக்ட் தோசை பேச்சை விட்டுவிட்டு எங்களுக்கு பஃப்ஸ் கொடுத்தார். நான் இரண்டு தின்றேன், ஒன்று எனக்கு, ஒன்று என் ஸ்பேனருக்கு.

ஆனால் ஒரு புது வியாதி. நீளமான நேர்ப்பாதையில் வண்டி நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் சின்னச் சின்னதாக ஆடுகிறது. மண்ணில் இது இருந்ததில்லை. அங்கே டயர் எப்போதும் வழுக்கிக்கொண்டிருந்ததால் தெரியாமல் போயிருக்கும். இங்கே கார்பெட் எதையும் விழுங்குவதில்லை. கொடுத்ததை அப்படியே காட்டுகிறது.

முன்சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார், சர்வோ என்பார்கள், அதன் பல் தேய்ந்திருக்கும். அதைத்தான் மாற்ற வேண்டும்.


ஜூன் 25, புதன்

சர்வோ மாற்றினேன். பழையதைப் பிரித்தும் பார்த்தேன். பல் எல்லாம் புதுசாகத்தான் இருந்தது. உள்ளே வேறு ஏதாவது கோளாறு இருக்கும்.


ஜூன் 29, ஞாயிறு

ஆடுகிறது.

முன்சக்கர பேரிங் மாற்றினேன். ஆடுகிறது. ஸ்டீயரிங் கம்பிகளில் ஆட்டம் இல்லாமல் மெல்லிய வாஷர் போட்டு இறுக்கினேன். ஆடுகிறது. ரிமோட்டின் சொல்லைக் கேட்கிற ரிசீவரை இர்பானின் கடை ரிசீவரோடு மாற்றிப் போட்டேன். அப்போதும் ஆடுகிறது. நேர்ப்பாதையில் ஆடுவதால் வேகம் குறைகிறது, பெனடிக்ட் ஒவ்வொரு சுற்றிலும் அங்கேதான் முந்துகிறார்.

இவர் சலித்துக்கொள்ளவே இல்லை. என்னவோ ஒரு மாதிரி உற்சாகமாகவே இருந்தார். "வண்டிதான் கலா, வண்டிலதான் எங்கியோ இருக்குது. நீ கண்டுபுடிச்சிருவே" என்று என் தோளைத் தட்டினார். தோற்றுக்கொண்டிருக்கிறவருக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று தெரியவில்லை.

மதியம் அவர் கை கழுவப் போன நேரத்தில், "குடுங்க, ஒரு ரவுண்டு பாக்கறேன்" என்று பெனடிக்ட் எங்கள் ரிமோட்டை வாங்கினார். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். இடக்கை விரலில் வேகம். வலக்கையில் ஒரு சின்னச் சக்கரம், அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். பெனடிக்ட் ஒரு சுற்று ஓட்டினார். நேர்ப்பாதையில் கோடு போட்டது போலப் போனது. இன்னொரு சுற்றும் அப்படியே போனது.

என்னைப் பார்த்தார். ரிமோட்டை மேஜையில் வைத்தார்.

பெனடிக்ட் மாவு பிசைகிற ஆள். அழுத்திப் பிடித்து ஓட்டுகிறார். அந்தப் பிடிக்குப் பயந்து வண்டி அடங்கியிருக்கும்.


ஜூலை 1, செவ்வாய்

மழை. கடைக்கு யாரும் வரவில்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன்.

காலையில் அவர் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். "நேரமாச்சு, நீ போட்டா வெசயா ஆயிரும்" என்றார்.


ஜூலை 3, வியாழன்

அவர் அலுவலகம் போன பிறகு வண்டியை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். நான் ஓட்டத் தெரியாதவள். நேராக விடுவதற்கு ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு வரைக்கும் விட்டேன். நூல் பிடித்த மாதிரிப் போனது. திருப்பி விட்டேன். மறுபடியும் நூல்.

மாடித் தரை வேறு, கார்பெட் வேறு. அப்படித்தான் எழுத நினைத்தேன். எழுதியும் விட்டேன். ஆனால் இந்த டைரி செட்டிங் எழுதுவதற்கு. தப்பான செட்டிங்கை எழுதி வைத்தால் அப்புறம் எதை வைத்துச் சரி பார்ப்பது?

அவர் கை நடுங்குகிறது.

எழுதியாயிற்று. மோர் குடித்தேன். அரை மணி நேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா, "ஏனுங் கலா, வெயில்ல உக்காந்திருக்கறீங்க?" என்றாள். வண்டி ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.


ஜூலை 4, வெள்ளி

ரிமோட்டுக்குள் ஒரு செட்டிங் இருக்கிறது. அதை ஏற்றினால், கைச்சக்கரம் கொஞ்சமாக அசைவதை வண்டி கண்டுகொள்ளாது. நன்றாகத் திருப்பினால்தான் திரும்பும். அதை ஏற்றி வைத்தேன்.

அவரிடம் சொல்லவில்லை.

என் கடைக்கு வருகிறவர்களிடம் மோட்டாரைத் திறந்ததும் எது எரிந்திருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். மழுப்பத் தெரியாது. அதற்காகவே பாதிப் பேர் வருகிறார்கள், பாதிப் பேர் வருவதில்லை. கட்டின புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்? டிவி முன்னால் உட்கார்ந்து கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார். அதை என்னால் பார்க்க முடியாது. டாக்டரிடம் போக வேண்டும், தெரியும். இருபதாம் தேதி முடியட்டும். டீ-சர்ட் வரட்டும். ரெண்டு வாரத்தில் என்ன ஆகிவிடும்?


ஜூலை 6, ஞாயிறு

வெண்ணெய். நேர்ப்பாதையில் வெண்ணெய் மாதிரிப் போனது. பெனடிக்டைவிடக் குறைந்த நேரத்தில் சுற்றி வந்தார். இர்பான் பலகையில் அவர் பேரை மேலே எழுதினான்.

எல்லோருக்கும் முன்னால், "கலா, உன்ற கைக்குக் காப்பு போடோணும். என்ன பண்ணுன, சொல்லு" என்றார்.

"வாஷர் மாத்துனனுங்க."

"வாஷரா! ஒரு வாஷருக்கா இந்தப் பாடு!" என்று மேடையிலிருந்து இறங்கி வந்து, பையன்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் என் தலையைத் தடவிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? நான் பஃப்ஸ் வேண்டாம் என்றேன். பெனடிக்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார்.


ஜூலை 9, புதன்

வெண்டைக்காய்ப் பொரியல். உளுந்து வடை. அவருக்குப் பிடிக்கும் என்று செய்தேன். "இன்னிக்கி என்ன விசேஷம்?" என்றார். சும்மா என்றேன்.


ஜூலை 13, ஞாயிறு

போன வாரம் வைத்த அளவு போதவில்லை. மறுபடி லேசாக ஆடியது. அவர் டீ குடிக்கப் போனபோது இன்னும் ஏற்றினேன். ஆட்டம் நின்றது. ஆனால் இப்போது வளைவில் தாமதம். அவர் திருப்புகிறார், வண்டி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. ஒரு தடவை பலகையில் இடித்தது. மறைக்க மறைக்க வண்டி மந்தமாகிறது. இன்னும் ஏற்றினால் நேராக மட்டும்தான் போகும்.

"என்னமோ கலா, வண்டி என்ற பேச்செ அரை மனசாத்தான் கேக்குது" என்றார்.

"புது டயருங்க. பழகோணும்."

பொய் சொல்லப் பழகிவிட்டேன். டயர் பழகியதோ இல்லையோ.


ஜூலை 18, வெள்ளி

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு, ரிமோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அதன் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இதெ யாரு இத்தன ஏத்தி வெச்சது?"

"கார்பெட்டுக்கு எல்லாரும் வெக்கறதுதானுங்க."

"பெனடிக்ட் வெச்சிருக்கறானா?"

"வெச்சிருப்பாருங்க."

"ஓகோ" என்றார். ரிமோட்டை அணைத்துப் பெட்டியில் வைத்தார். "தோசைக்குச் சட்னியா சாம்பாரா?" என்றார். சட்னி என்றேன். அவரே தேங்காய் துருவினார். சமையலறைத் தரையெல்லாம் தேங்காய்ப்பூ சிதறிக் கிடந்தது. நான் பெருக்கினேன்.


ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓட்டுகிறவர்கள் நிற்பதற்கு உயரமாக ஒரு பலகை மேடை உண்டு. அவர் ஏறி நடுவில் நின்றார். பெனடிக்ட் பக்கத்தில். நான் கீழே ஸ்பேனரோடு. மணி அடித்தது, வண்டிகள் கிளம்பின.

முதல் வளைவில் எங்கள் வண்டி சடாரென்று திரும்பியது. மந்தமே இல்லை. நேர்ப்பாதைக்கு வந்ததும் ஆடியது. முன்னைவிட அதிகமாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆடியது. மேலே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏற்றி வைத்த செட்டிங்கை அவரே பழையபடி இறக்கிவிட்டிருந்தார்.

அப்படி ஆடிக்கொண்டே எப்படி ஓட்டினார் தெரியுமா? வளைவுகளில் பெனடிக்டைப் பிடித்தார். நேர்ப்பாதையில் விட்டார். மறுபடி வளைவில் பிடித்தார். பையன்கள் கத்தினார்கள். கடைசிச் சுற்றில் கடைசி நேர்ப்பாதையில் வண்டி பக்கத்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டது. பெனடிக்ட் ஒரு வண்டி நீளத்தில் முந்திவிட்டார்.

மேடையிலிருந்து இறங்கும்போதே பெனடிக்ட் சொன்னார்: "சார், இது கணக்கில்லீங்க. உங்க சர்வோ போயிருச்சு. ஊரே பாத்துச்சு. வேற போட்டு மறுபடி ஓட்டுவோமுங்க."

அவர் ரிமோட்டை என் மேஜையில் வைத்தார்.

"சர்வோ நல்லாத்தான் இருக்குதுங்க பெனடிக்ட். என்ற கைதான் ஆடுது" என்றார். நம் வீட்டில் இன்றைக்குக் கரண்ட் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. டீ-சர்ட்டெ நீங்க போட்டுக்கங்க. எக்ஸ்எல்லு உங்களுக்குப் பத்தாது."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பெனடிக்ட் சிரித்தார், கண் கலங்கிக்கொண்டே.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஓட்டம் ஓட்டி முடித்தவர்கள், அடுத்த ஓட்டத்துக்கு டிராக்குக்குள் ஆளுக்கொரு வளைவில் நிற்க வேண்டும். கவிழ்ந்த வண்டியை ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். நான் போய் அப்படி நிற்கிறவர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையை எடுத்துக்கொண்டேன். "நான் நிக்கறனுங்க, நீங்க உக்காருங்க" என்றேன். இர்பானும், "ஆமாங்ணா, அக்கா நிக்கட்டும்" என்றான்.

"ஏன், என்ற கை வண்டி தூக்காதா?" என்று என் கையிலிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். கல்லூரிப் பையன்களின் ஓட்டம். கவிழ்ந்துகொண்டே இருந்தார்கள். இவர் குனிந்து குனிந்து நிமிர்த்தினார். தூக்கும்போது கை ஆடியது, வண்டியும் சேர்ந்து ஆடியது. தரையில் வைத்ததும் அது பாட்டுக்கு ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் என் கடை மேஜையில் உட்கார்ந்து, வலக்கையை நீட்டி, மோட்டாரை வைப்பது போல என் முன்னால் வைத்தார்.

"இதுக்கு எந்த ஸ்பிரிங் போடுவே அம்முணி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. "எப்பிருந்துங்க இது?"

"மார்கழிலிருந்து."

மார்கழி! நான் ஆனியில்தான் பார்த்தேன். அதுவும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேன். "என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ என்னெ உக்கார வெச்சிருவே. காப்பி டம்ளரெக்கூடத் தூக்க விடமாட்டே. எனக்கு உன்னெத் தெரியாதா? கார்பெட்டுல மொதல்ல வண்டி ஆடுனப்ப எனக்கு அத்தன சந்தோசம் கலா. அப்பாடா, கை இல்ல, வண்டிதான்னு நெனச்சேன். நீ ஒண்ணொண்ணா மாத்த மாத்த, இதுதான், இதுலதான் இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கிட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க இன்னிக்கி எறக்குனீங்க? இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களே."

"நீ எனக்கோசரம் வண்டியெ மந்தமாக்கிட்டே. இன்னும் கொஞ்ச நாள் போனா நீயும் என்றகிட்ட அப்படித்தான் பேசுவே, அளந்து அளந்து. அது வேண்டாம். நீ எப்பவும் போல மூஞ்சிக்கு நேரா பேசு. எனக்கு அதுதான் வேணும்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி, மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன்: "நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம். இல்லீன்னா இந்த வீட்டுல சோறு கெடையாது."

"அதான் என்ற கலா" என்றார்.


ஜூலை 21, திங்கள்

டாக்டர் வெள்ளிக்கிழமைதான் பார்ப்பாராம். சோறு போட்டேன்.


ஜூலை 23, புதன்

எதிர்த்த வீட்டுப் பெரியவர் ஒருத்தருக்கு இப்படிக் கை ஆட ஆரம்பித்து, நாலு வருஷத்தில் படுக்கையாகி, பேச்சும் போய், அப்படியே போய்விட்டார். அது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சாமி அறையில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அது மட்டும் வேண்டாம் என்றேன். வேறு எது கொடுத்தாலும் சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

ஒரு ஜெட் பம்ப்பில் கம்பியைத் தப்பாகச் சுற்றிவிட்டேன். ஆயுசில் முதல் தடவை. பிரித்து மறுபடி சுற்றினேன்.


ஜூலை 25, வெள்ளி

டாக்டர் சின்ன வயசுப் பெண். சாய்பாபா காலனியில் ஆஸ்பத்திரி. கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். அப்பாவுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார் இவர். எனக்கு அதுவும் புதுச் செய்தி. மாமனார் எப்போதும் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்திருப்பார், அது கம்பீரம் என்று நினைத்திருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் இவர் கேட்டார்: "டாக்டர், நான் வண்டி ஓட்டலாமுங்களா?"

"ஸ்கூட்டரா?"

"இல்லீங்க, பக்கி. ரிமோட்டுல. கார்பெட்டுல ஓட்டறது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இது சித்தம் கலங்கின பேச்சில்லை, நிஜம்தான் என்று அர்த்தம்.

"மொதல்ல இதெப் போடுங்க, சொல்றேன்" என்று ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். நடுவில் ஆரம்பித்து ஜிலேபி மாதிரிச் சுற்றிக்கொண்டே வெளியே வர வேண்டும். கையை மேஜையில் ஊன்றக் கூடாது.

இவர் போட்டார். கோடு முழுக்கப் பல் பல்லாக வந்தது. ஒரு சுற்றுகூட உருப்படியாக வரவில்லை. டாக்டர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"பேனா சரியில்லீங்க டாக்டர்" என்றேன்.

"பேனாவா?"

"முனை இழுக்குதுங்க. நான் பாத்துட்டேதான் இருந்தேன். குடுங்க, நான் போட்டுக் காட்டறேன்." யாரும் கொடுப்பதற்கு முன்னால் பேனாவை நானே எடுத்துக்கொண்டேன். நான் தலைமுடி கனத்துக் கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்றுகிறவள். இன்னொரு தாளில் நடுவிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் சுற்றே கோணலாகப் போனது. இரண்டாவது அதன் மேலேயே ஏறியது. பேனாவை இறுக்கிப் பிடித்தேன், இன்னும் மோசமானது. என் கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இவருக்கு இருக்கறது பரம்பரையா வர்ற நடுக்கம்னுதான் தோணுது. நீங்க பயந்துட்டு வந்த வியாதி இல்லீங்க. ரத்தம் ஒண்ணு பாத்துக்கலாம். மாத்திரை எழுதறேன், முழுசா நிக்காது, ஆனா கொறையும். பக்கி தாராளமா ஓட்டலாம்." அப்புறம் என் தாளை விரலால் தட்டினார். "இது என்னங்கம்மா? இவரோடதெவிட மோசமா இருக்குது."

பேனாவை மூடி மேஜையில் வைத்தேன்.

"அது எனக்காக ஆடறதுங்க டாக்டர்" என்றார் அவர். என் தாளை மட்டும் எடுத்து, நிதானமாக நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.